சில்வெஸ்டர்: தேவாலயத்தில் பழகிய குரல், டிஸ்கோ மேடையில்

சில்வெஸ்டர் என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு ஸ்டாலோன்தான் நினைவுக்கு வருவார். இது வேறொரு சில்வெஸ்டரின் கதை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். ஆணாகப் பிறந்தவர், மினுமினுக்கும் கவுனும் விக்கும் நகையும் போட்டுக்கொண்டு, பெண் பாடகிகளே எட்டத் தயங்கும் மேல் ஸ்தாயியில் பாடியவர். 1978-இல் வெளிவந்த அவருடைய ‘மைட்டி ரியல்’ பாட்டு இன்றைக்கும் உலகின் ஏதோ ஒரு நடன அரங்கில் ஒவ்வொரு வார இறுதியிலும் ஒலிக்கிறது. பாட்டைக் கேட்டவர்கள் ஏராளம். பாடியவரைத் தெரிந்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக உடையிலிருந்து தொடங்குவார்கள். மேற்கில் ஆண்கள் பெண் வேடமிட்டு மேடையேறும் கலையை டிராக் என்கிறார்கள். அந்த மரபின் பெரிய பெயர்களில் அவர் ஒருவர் என்பதால் இது இயல்புதான். உடையை மறைக்க அவரும் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் குரலிலிருந்து தொடங்கினால்தான் இந்த வாழ்க்கை பிடிபடும் என்று நான் நினைக்கிறேன். டிராக் கலைஞர்கள் பலர் ஓடும் ஒலிப்பதிவுக்கு உதடசைப்பார்கள். இவர் தன் தொண்டையை மட்டுமே நம்பி நின்றார். அந்தத் தொண்டை பழகியது ஒரு பெந்தெகொஸ்தே சபையில். அவரைத் தன் நடுவே வைத்துக்கொள்ளச் சம்மதிக்காத சபை அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்கே வாட்ஸ் என்ற பகுதியில் 1947 செப்டம்பர் 6-ஆம் தேதி பிறந்தார் சில்வெஸ்டர் ஜேம்ஸ். கறுப்பின உழைப்பாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். 1965 ஆகஸ்டில் போலீஸ் அடக்குமுறைக்கு எதிராக மூண்டு 34 பேரைப் பலிகொண்ட கலவரத்தால் அந்தப் பெயர் பின்னாளில் உலகுக்குத் தெரியவந்தது. சில்வெஸ்டரின் அம்மா தீவிர விசுவாசி. குடும்பம் பாம் லேன் என்ற சபைக்குப் போய்வந்தது. ‘சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்’ என்ற, கறுப்பின மக்களின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே பிரிவைச் சேர்ந்த சபை.

அங்கே பாட்டு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சபைகளில் ஆராதனை அமைதியாக உட்கார்ந்து கேட்கும் விஷயம் கிடையாது. ஆர்கன், டிரம்ஸ், டாம்புரின், கைத்தட்டல் எல்லாம் உண்டு. தனிப் பாடகர் ஒரு வரியை எடுப்பார், பாடகர் குழு பதில் சொல்லும், சபையும் சேர்ந்துகொள்ளும். ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு சுற்றிலும் சூட்டை ஒரு படி ஏற்றுவார்கள். வார்த்தைகள் தேய்ந்து வெறும் ஓசையாகும் கட்டத்தில் யாராவது எழுந்து ஆடத் தொடங்குவார், அழுவார், விழுவார். ஆவி இறங்கிவிட்டது என்பார்கள். அந்த நிலைக்குக் கூட்டத்தைக் கொண்டுபோவதுதான் பாடகரின் வேலை. சிறுவன் சில்வெஸ்டர் அந்த வேலையைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டான். உச்சியில் பாடுவதும் அங்கிருந்துதான் வந்தது. கள்ளக்குரல் என்று சொல்வார்களே, ஆண்கள் தங்கள் இயல்பான குரலுக்கு மேலே ஏறிப் பாடும் அந்த ஃபால்செட்டோ, காஸ்பல் என்ற கறுப்பினச் சபைப் பாட்டு மரபின் குழுக்களில் மிகவும் மதிக்கப்பட்ட திறமை.

குரலைக் கொண்டாடிய அதே சபை, பையனின் நடையையும் பேச்சையும் கண்டு முகம் சுளித்தது. அவன் ஆண்களை விரும்புகிறவன் என்பது தெரியவந்ததும் அங்கே இருக்க முடியாமல் போயிற்று. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே சபையை விட்டான். அம்மாவோடு சண்டை முற்றி, கொஞ்ச காலத்தில் வீட்டையும் விட்டான். நண்பர்கள் வீடு, உறவினர் வீடு என்று அலைந்தபோது தாங்கிப் பிடித்தவர் பாட்டி. பழைய ப்ளூஸ், ஜாஸ் பாட்டுகளின் காலத்தைச் சேர்ந்தவர். பேரனின் போக்கை ஒரு குறையாக நினைக்காதவர். பின்னாளில் 1920-களின் பெண் பாடகிகள் மீது சில்வெஸ்டருக்கு வந்த பித்துக்கு இந்த வீடும் ஒரு காரணம்.

அறுபதுகளின் நடுவில் அவர் ‘டிஸ்கோட்டேஸ்’ என்ற கூட்டத்தில் சேர்ந்தார். பெண்களைப் போல உடுத்திய கறுப்பின இளைஞர்களும், பெண்களாகவே வாழ்ந்த திருநங்கைகளும் சேர்ந்த நட்பு வட்டம் அது. விருந்து, அலங்காரம், ஒருவர் வீட்டில் இன்னொருவர் தங்குவது என்று அவர்களுக்கு அவர்களே குடும்பமாக இருந்தார்கள். இது எவ்வளவு துணிச்சலான விஷயம் என்று தெரிய சட்டத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அமெரிக்காவின் பல நகரங்களில் ஆண் பெண் உடையில் தெருவில் நடப்பதே குற்றம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863-இல் போட்ட அத்தகைய தடை 1974-இல்தான் நீக்கப்பட்டது. கறுப்பினத்தவராகவும் இருந்துவிட்டால் போலீஸ் வண்டி நிற்காமல் போகாது. அந்தச் சூழலில்தான், 1969-இல் 21 வயதில் பள்ளிப் படிப்பை முடித்தபோது, நீல ஷிஃபான் கவுன் அணிந்து, கொண்டையை உயரமாகத் தூக்கிக் கட்டிக்கொண்டு பட்டமளிப்புப் படத்துக்கு நின்றார் சில்வெஸ்டர்.

1970-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். ஏன் அந்த நகரம்? இரண்டாம் உலகப் போரின்போது ஓரினச்சேர்க்கையாளர் என்று ராணுவத்திலிருந்து விலக்கப்பட்டவர்களில் பலர், ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் அந்தத் துறைமுக நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். அப்புறம் ஐம்பதுகளின் கவிஞர்கள் வந்தார்கள். அறுபதுகளில் ஹிப்பிகள் வந்தார்கள். வாடகை மலிவாக இருந்தது. எழுபதுகளில் காஸ்ட்ரோ தெரு வட்டாரத்தில் நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவிந்து, வீடு வாங்கி, கடை வைத்து, தேர்தலிலும் நின்றார்கள். ஒடுங்கி வாழ்ந்த ஒரு கூட்டம் தனக்கென்று ஒரு ஊரையே அமைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு ஒரு பாடகர் தேவைப்பட்ட நேரத்தில் இவர் போய்ச் சேர்ந்தார்.

முதலில் சேர்ந்த குழுவின் பெயர் ‘காக்கெட்ஸ்’. நார்த் பீச்சில் இருந்த பேலஸ் திரையரங்கில் நள்ளிரவுக் காட்சிகள் நடத்திய ஹிப்பிக் குழு. தாடியில் ஜிகினா தூவிக்கொண்டு, பழைய கவுன்களை மாட்டிக்கொண்டு, ஒத்திகை அதிகம் இல்லாமல் ஆடிப் பாடுவார்கள். ஒழுங்கின்மையே அவர்களுடைய அழகு. சில்வெஸ்டர் அதில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார். பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட குழுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினத்தவரில் ஒருவர். அதோடு, உண்மையிலேயே பாடத் தெரிந்தவர். பெஸ்ஸி ஸ்மித், பில்லி ஹாலிடே ஆகியோரின் பாட்டுகளை அந்தக் காலத்துக் கவுனோடும் கூந்தலில் பூவோடும் பாடுவார். கேலி கலக்காமல் பாடுவார். அந்தப் பாடகிகள் மீது அவருக்கு இருந்தது பக்தி.

1971 நவம்பரில் காக்கெட்ஸ் நியூயார்க்குக்குப் போனார்கள். ஆண்டி வார்ஹால், கோர் விடால் போன்ற பிரபலங்கள் நிறைந்திருந்த முதல்நாள் காட்சி படுதோல்வி. பாதியில் எழுந்து போனார்கள். கலிபோர்னியாவின் கட்டற்ற விளையாட்டு நியூயார்க்கின் தொழில்முறை மேடைக்குப் பொருந்தவில்லை. ஆனால் சில்வெஸ்டரின் தனிப் பகுதியை மட்டும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். சில நாட்கள் கழித்து, தான் இப்படியொரு நிகழ்ச்சியோடு சேர்ந்திருப்பதற்காக மேடையிலிருந்தே பார்வையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் விலகிக்கொண்டார். கூட இருந்தவர்களுக்கு அது வலித்திருக்கும். கலையில் அரைகுறையைப் பொறுக்காத ஒரு கறார் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அடுத்த சில வருடங்கள் தடுமாற்றம். வெள்ளை ராக் இசைக் கலைஞர்களை வைத்து ‘ஹாட் பேண்ட்’ என்ற குழு அமைத்து, 1973-இல் ப்ளூ தம்ப் நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பங்கள் செய்தார். இரண்டும் விற்கவில்லை. குழு கலைந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கறுப்பின வானொலிக்கு அவர் அளவுக்கு மீறி ராக். ராக் வானொலிக்கு அளவுக்கு மீறிக் கறுப்பு. இரண்டுக்கும் அவர் போட்டிருந்த கவுன் சங்கடம்.

திருப்பம் 1976-இல் வந்தது. பின்னணிப் பாடகிகளைத் தேடினார். குரல் தேர்வுக்கு வந்த மார்த்தா வாஷ் என்ற இளம்பெண் காஸ்பல் பாடி வளர்ந்தவர், உடலளவில் பருமனானவர். அவர் பாடியதைக் கேட்டதும், காத்திருந்த ஒல்லியான இரண்டு வெள்ளைப் பெண்களை அனுப்பிவிட்டு, ‘உன்னைப் போலவே பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ள தோழி யாராவது இருக்கிறாளா?’ என்று கேட்டாராம் சில்வெஸ்டர். மார்த்தா கூட்டிவந்தவர் ஐஸோரா ரோட்ஸ். இருவரும் ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’ என்ற பெயரில் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பின்னாளில் ‘வெதர் கேர்ள்ஸ்’ ஆகி, ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடியவர்கள் இவர்கள்தான்.

இந்தத் தேர்வை நான் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவாகப் பார்க்கிறேன். பாப் இசை மேடையில் பின்னணிப் பாடகி என்றால் ஒல்லியாக, ஓரமாக நின்று ‘ஊ’, ‘ஆ’ சொல்பவர் என்ற வழக்கத்தை அவர் தூக்கிப் போட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சபை. அவர் ஒரு வரி எறிந்தால் அதே பலத்தோடு திருப்பி எறியும் குரல்கள். பாம் லேனில் விட்டுவந்ததை அவர் மேடையில் மறுபடி கட்டிக்கொண்டார். இந்த முறை அவரை வெளியே தள்ள அங்கே யாரும் இல்லை.

ஹார்வி ஃபுகுவா என்பவர் இவர்கள் பாடுவதைக் கேட்டார். ஐம்பதுகளில் ‘மூன்க்ளோஸ்’ குழுவில் பாடியவர், கறுப்பின இசைக்குப் பேர்போன மோடவுன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அனுபவசாலியான தயாரிப்பாளர். அவர் மூலம் பெர்க்லியில் இருந்த ஃபேண்டஸி ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் செய்தது. 1977-இல் வந்த முதல் ஆல்பம் சுமாராகப் போனது. இதற்கிடையே காஸ்ட்ரோவும் 18-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ‘எலிஃபண்ட் வாக்’ மதுக்கூடத்தில் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஓரினச்சேர்க்கையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துப் பதவிக்கு வந்த முன்னோடிகளில் ஒருவரான நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க் அவருக்கு நண்பர். 1978 மே மாதம் மில்க்கின் பிறந்தநாள் விருந்தில் சில்வெஸ்டர் பாடினார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவேதான் ‘ஸ்டெப் டூ’ ஆல்பமும் ‘மைட்டி ரியல்’ பாட்டும் வெளியாயின. சில்வெஸ்டரும் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் விரிக்கும் சேர்ந்து எழுதியது. முதலில் அது நடுத்தர வேகத்தில், பியானோ ஒட்டிய காஸ்பல் பாணியில்தான் இருந்தது. ஒத்திகையைக் கேட்ட பேட்ரிக் கௌலி என்பவர், இதில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். கௌலி சான் பிரான்சிஸ்கோவின் ஒரு டிஸ்கோ அரங்கில் விளக்கு இயக்கிக்கொண்டிருந்தவர். மின்னணு இசையை அந்த நகரத்துக் கல்லூரியில் படித்தவர். அவர் கை பட்டதும் பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 130 துடிப்புக்கு ஏறியது. அடியில் சிந்தசைசர் பேஸ் இடைவிடாமல் குதிரைப் பாய்ச்சலில் ஓடியது.

கொஞ்சம் கூர்ந்து கேட்டால் இந்தப் பாட்டில் நடப்பது தெரியும். கீழே இருப்பது இயந்திரம். சோர்வும் தடுமாற்றமும் இல்லாதது. மேலே இருப்பது மனிதத் தொண்டையின் உச்சம். மூச்சு வாங்குவதும் கீச்சிடுவதும் கேட்கும். வரிகள் மிகக் குறைவு. ஆடுகளம், வேர்வை, வீட்டுக்குப் போவது, இருட்டில் முத்தம். அவ்வளவுதான் கதை. மீதி நேரம் முழுக்க ஒரே சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலே. சபையில் ஆவி இறங்கும்வரை பாடகர் செய்வது இதைத்தான். டிஸ்கோவும் அதற்கு வாகான வடிவம். சமமான நான்கு அடிகள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு அங்குல இசைத்தட்டில் ஒரு பாட்டை ஆறு, ஏழு நிமிடம் நீட்டலாம். கூட்டத்தைப் படிப்படியாக ஏற்ற அவகாசம் உண்டு. ஆல்பத்திலேயே ‘எபிலாக்’ என்ற பெயரில் அதே பாட்டை மெதுவான காஸ்பல் வடிவில் ஒரு சிறு பகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். வேரைக் காட்டிவிட வேண்டும் என்று அவரே நினைத்திருக்க வேண்டும்.

அதே ஆல்பத்தின் ‘டான்ஸ், டிஸ்கோ ஹீட்’ பாட்டோடு சேர்ந்து இது அமெரிக்க நடனப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் ஆறு வாரம் இருந்தது. ‘டிஸ்கோ ஹீட்’ அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 19-ஆம் இடம்வரை வந்தது. பிரிட்டனில் ‘மைட்டி ரியல்’ 8-ஆம் இடத்தைப் பிடித்தது. லண்டனில் எடுத்த காணொளியில் ஒரு காட்சியில் தோல் உடை, இன்னொன்றில் வெள்ளை சூட், இன்னொன்றில் விசிறி பிடித்துப் படியிறங்கும் பளபள அங்கி என்று மாறிக்கொண்டே இருப்பார். அவருடைய உடை விஷயமே அப்படித்தான். முழுப் பெண் வேடம் என்ற கட்டுக்குள்ளும் அவர் நிற்கவில்லை. ஒருநாள் கவுன், ஒருநாள் ஆண்களின் கால்சட்டையோடு காதில் தொங்கட்டான், ஒருநாள் தாடி. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ யாருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1979 மார்ச் 11 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வார் மெமோரியல் ஓபரா ஹவுஸில் பாடினார். 1951-இல் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான கட்டடம். நகரத்தின் செல்வந்தர்கள் ஓபரா பார்க்கும் இடம். அன்று தோல் உடுப்பு ஆண்களும், கவுன் போட்டவர்களும், தேவாலயத்துத் தொப்பி வைத்த கறுப்பினப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மில்க் கொல்லப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்த நாளைச் ‘சில்வெஸ்டர் தினம்’ என்று அறிவித்தார். மில்க்கின் இடத்துக்கு நகர மன்றத்தில் நியமிக்கப்பட்டிருந்த ஹாரி பிரிட் மேடையில் ஏறி, நகரத்தின் சாவியை அவரிடம் கொடுத்தார். அந்த இரவின் ஒரு பகுதி ‘லிவிங் ப்ரூஃப்’ ஆல்பத்தில் இருக்கிறது. பேட்டி லபெல்லின் ‘யூ ஆர் மை ஃப்ரெண்ட்’ பாட்டை எடுத்துக்கொண்டு, நடுவே நிறுத்தி, மார்த்தாவையும் ஐஸோராவையும் முன்னால் அழைத்து, இவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் பாருங்கள் என்று கூட்டத்திடம் காட்டுகிறார். தன் பெயரில் நடக்கும் இரவில் ஒரு நட்சத்திரம் இப்படி இரண்டு பேருக்கு இடம் விடுவது அபூர்வம். அவருடைய எந்தப் பதிவைக் கேட்பது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நான்கே மாதத்தில் காற்று திசை மாறியது. 1979 ஜூலை 12, சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு அனுமதி. குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து ரகளையானது. அன்றைய இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. வெறும் இசை ரசனைச் சண்டை என்று இதைச் சொல்வோர் உண்டு. என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. டிஸ்கோ வளர்ந்தது கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஓரினச்சேர்க்கையாளர் ஆகியோரின் விடுதிகளில். அந்த இசையை வெறுக்கும்போது அந்த மனிதர்கள் மீதான வெறுப்பும் கூடவே வெளிவந்தது. நிறுவனங்கள் அவசரமாக டிஸ்கோ பிரிவுகளை மூடின.

ஃபேண்டஸி நிறுவனமும் மிரண்டது. டிஸ்கோவைக் குறைக்கச் சொன்னார்கள். தோற்றத்தில் ஆண்மை கூட வேண்டும் என்றார்கள். அதற்குப் பதிலாக அவர் பொன்னிற விக்கும் நைட் கவுனும் போட்டுக்கொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போய் நின்ற கதையை அவரது நண்பர்கள் சொல்வார்கள். கடைசி இரண்டு ஆல்பங்கள் அரைமனதாக வந்தன. அவர் விலகி, உரிமைத்தொகை கேட்டு 1982-இல் வழக்குப் போட்டார். நிறுத்திவைக்கப்பட்ட தொகை 2 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்கு மேல் என்று நிரூபணமானது. ஆனால் கைக்கு வரக்கூடியதாக இருந்தது 20,000 டாலர்தான். பட்டியலில் முதலிடம் பிடித்த பாடகர் பணக்காரர் ஆகாமல் போனது இப்படித்தான். வந்ததையும் அவர் சேர்த்துவைக்கவில்லை; விலையுயர்ந்த உடைகளுக்கும் நண்பர்களுக்கும் தாராளமாகச் செலவழித்தார்.

இந்த நேரத்தில் கௌலி மறுபடி வந்தார். அவர் பங்குதாரராகச் சேர்ந்து தொடங்கியிருந்த மெகாடோன் என்ற சிறு நிறுவனத்துக்காக 1982-இல் ‘டூ யா வானா ஃபங்க்’ பாட்டைச் செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோ செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே இசை இன்னும் வேகமாக, இன்னும் மின்னணுத்தனமாக, ஹை-எனர்ஜி என்ற பெயரில் விடுதிகளில் உயிரோடு இருந்தது. பிரிட்டனின் எண்பதுகள் பாப் இசையில் பெரும்பகுதி இந்த ஓட்டத்திலிருந்து வந்தது. பாட்டு உலகம் சுற்றத் தொடங்கிய வேளையில் கௌலி படுத்த படுக்கையாக இருந்தார். என்ன நோய் என்று மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. 1982 நவம்பர் 12 அன்று, 32 வயதில் இறந்தார். லண்டனில் இருந்த சில்வெஸ்டர் செய்தி கேட்டு, மேடையேறிக் கூட்டத்திடம் அதைச் சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து செய்த அந்தப் பாட்டைப் பாடினார்.

எய்ட்ஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட நோயின் முதல் அறிக்கை 1981 ஜூன் 5-இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களைப் பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் காஸ்ட்ரோ வட்டாரத்தின் தெருக்களில் வாரம் தவறாமல் இறப்பு. 1987-இல் ஏ.இசட்.டி. மருந்து வரும்வரை சிகிச்சை என்று சொல்ல எதுவுமே இல்லை. வந்த பிறகும் அது போதவில்லை. சில்வெஸ்டரின் இசைக்கு ஆடிய தலைமுறை கண்முன்னே கரைந்தது. அவர் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் ஓயாமல் பாடினார். இதற்கு நடுவே 1985-இல் அரேதா ஃபிராங்க்ளினின் ‘ஃப்ரீவே ஆஃப் லவ்’ பாட்டுக்குப் பின்னணி பாடினார். சிறுவயது முதல் வணங்கிய பாடகிக்குப் பின்னால் நிற்பதில் அவருக்கு எந்தக் குறைவும் தெரியவில்லை. 1986-இல் வார்னர் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ‘சம்ஒன் லைக் யூ’ பாட்டு மறுபடியும் நடனப் பட்டியலில் முதலிடம்.

அந்த ஆண்டின் கடைசி இரவு, ஜோன் ரிவர்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். டிராக் குவீன் என்று ரிவர்ஸ் குறிப்பிட்டபோது, அப்படி இல்லை, நான் சில்வெஸ்டர் என்றார். இதை டிராக் மரபை மறுத்த பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிஸ்கோட்டேஸையும் காக்கெட்ஸையும் அவர் எப்போதும் மறைத்ததில்லை. பாடகர் என்ற அடையாளத்துக்கு முன்னால் வேறொன்றை வைக்க அவர் விடவில்லை, அவ்வளவுதான். அதே நிகழ்ச்சியில், கட்டடக் கலைஞரான தன் துணைவரைப் பற்றியும், தாங்கள் இருவரும் மணமானவர்கள் போலவே வாழ்வதைப் பற்றியும் நாடே பார்க்கப் பேசினார். 1986-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

அந்தத் துணைவர் 1987 செப்டம்பரில் எய்ட்ஸால் இறந்தார். சில மாதங்களில் சில்வெஸ்டருக்கு விடாத இருமல், நிமோனியா. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவர் முடிவுசெய்த விதம்தான் எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதையைப் பன்மடங்காக்கியது. பெரிய நட்சத்திரங்கள் இந்த நோயை வாய்விட்டுச் சொல்லாமலே இறந்துகொண்டிருந்த காலம். இவர் பேட்டி கொடுத்தார். எய்ட்ஸ் வெள்ளைக்கார ஓரினச்சேர்க்கையாளர்களின் நோய் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள், கறுப்பின மக்களுக்குத் தகவல் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது என்று சொன்னார். அது உண்மை. கறுப்பினச் சபைகள் பல அன்று இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1988 ஜூனில் நடந்த ஓரினச்சேர்க்கையாளர்களின் பெருமித ஊர்வலத்தில், எய்ட்ஸோடு வாழ்பவர்களின் பதாகைக்குப் பின்னால், மெலிந்து நரைத்த உருவமாகச் சக்கர நாற்காலியில் வந்தார். அடையாளம் கண்டவர்கள் தெரு முழுக்க அழுதார்கள். அந்த ஆண்டின் காஸ்ட்ரோ தெருத் திருவிழா அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. எழுந்து போக முடியாத நிலை. கீழே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூவியது படுக்கையறை வரை கேட்டது.

இதற்குள் அவர் ஒரு சபைக்குத் திரும்பியிருந்தார். ஓக்லாந்தில் காஸ்பல் பாடகர் வால்டர் ஹாகின்ஸ் நடத்திய லவ் சென்டர் சபை. மற்ற சபைகள் கதவைச் சாத்தியபோது ஓரினச்சேர்க்கையாளர்களையும் எய்ட்ஸ் நோயாளிகளையும் உள்ளே விட்ட இடம் அது. தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை அவரே திட்டமிட்டார். 1988 டிசம்பர் 16-ஆம் தேதி, 41 வயதில் இறந்தார். சிவப்புக் கிமோனோ உடுத்தி, பெட்டியைத் திறந்துவைத்து, பாடகர் குழு முழங்க, லவ் சென்டரில் வழியனுப்பினார்கள். உடலைப் பிறந்த மண்ணுக்கே கொண்டுபோய், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே இங்கிள்வுட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பாடகர் ஜிம்மி சோமர்வில் ‘மைட்டி ரியல்’ பாட்டை மறுபடி பாடினார். பிரிட்டனில் அது மூலப் பாட்டைவிட மேலே, 5-ஆம் இடம்வரை போனது. 2019-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் மூலப் பதிவைச் சேர்த்துக்கொண்டது.

உயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் பாட்டுகளிலிருந்து இனி வரும் உரிமைத்தொகையை அவர் சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு தொண்டு அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். ஒன்று, எய்ட்ஸ் நோயாளிகளின் அவசரச் செலவுக்குப் பணம் தந்த எய்ட்ஸ் எமர்ஜென்சி ஃபண்ட். மற்றது ப்ராஜெக்ட் ஓப்பன் ஹாண்ட். 1985-இல் ரூத் பிரிங்கர் என்ற மூதாட்டி தன் சமையலறையில் ஒருசில நோயாளிகளுக்குச் சமைக்கத் தொடங்கி வளர்ந்த அமைப்பு. இறக்கும்போது சில்வெஸ்டர் தன் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடன்பட்டிருந்தார். முன்பணம் அடைபட வேண்டியிருந்தது. அது அடைபட்ட பிறகும் சட்டச் சிக்கல்களால் பணம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2010 வாக்கில்தான் சிக்கல் தீர்ந்து தொகை அமைப்புகளுக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. அதன்பின் ‘மைட்டி ரியல்’ ஈட்டும் உரிமைத்தொகை, அந்த நகரத்து நோயாளிகளின் சாப்பாட்டுச் செலவுக்குப் போகிறது.